கடைசி வாய்க்கால் திரைக்கு வந்த வியாழக்கிழமை

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினான்காம் திகதி, வியாழக்கிழமை, முற்பகல் ஒன்பது மணி நாற்பது நிமிடம். மாங்குளம் சந்தியில் உள்ள நம் கணினிக் கடையின் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. நின்றது என்பதைவிடப் படியில் முட்டி ஓய்ந்தது என்பதே பொருந்தும். ஓட்டி வந்த பெண்மணி தலைக்கவசத்தைக் கழற்றாமலே உள்ளே வந்து, தோளில் தொங்கிய உரப்பையை என் மேசைமீது வைத்தார். பைக்குள் ஒரு மடிக்கணினி இருந்தது.

"தங்கச்சி, மண்டபத்து ரீவி என்ர பெட்டியைக் கண்டுகொள்ளுதில்லை. பத்தரைக்குக் கூட்டம். வாரும், ஏறும்."

அவர் சாந்தா அக்கா. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், உள்ளே தள்ளி இருக்கும் ஒரு குளத்தின் கீழ் வயல் செய்பவர். அங்குள்ள விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு ஒன்றின் செயலாளர். குளத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே தண்ணீர்த் தகராறு இன்னும் முற்றாக ஆறவில்லை. மடிக்கணினி நம் கடையிலேயே வாங்கிய பழைய ஒன்று. அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவளும் நானே. ஆகவே, ஏறாமல் இருப்பதற்கு எனக்கு நியாயம் எதுவும் கிடைக்கவில்லை.

புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் இருவரும் இதை ஏன் படிக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். படிப்போடு படிப்பாக இந்தக் கடையில் நான் பார்த்த வேலை இந்த மாதத்துடன் முடிகிறது. போவதற்கு முன் ஏதாவது எழுதிவைக்குமாறு கடை உரிமையாளர் கேட்டார். எந்தப் பழுதுக்கு எந்தக் கட்டளை என்பதை இணையம் உங்களுக்கு என்னைவிட விரைவாகச் சொல்லும். ஒரு மண்டபம் முழுவதும் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கையில் என்ன செய்வது, அதைவிட முக்கியமாக, என்ன செய்யாமல் இருப்பது என்பதை அது சொல்லாது. அந்தப் பாடத்தை நான் ஒரே முற்பகலில், சற்று மானக்கேட்டுடன், கற்றுக்கொண்டேன்.

ஒரு தொலைக்காட்சிக்காக ஏன் அத்தனை பேர் வியர்த்தார்கள் என்பது விளங்க, முதலில் அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலபோகத்துக்கு மழை உண்டு, எல்லோரும் விதைப்பார்கள். சிறுபோகம் என்னும் கோடை விதைப்பு அப்படியன்று. குளத்தில் எஞ்சிய நீரைக்கொண்டு எத்தனை ஏக்கர் செய்யலாம், எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு என்பதை ஒரு கூட்டம் கூடித் தீர்மானிக்கும். தீர்மானத்தில் இடம்பெறாத வயல் அடுத்த மழைவரை வெறுந்தரைதான். சாந்தா அக்காவின் வயல் கடைசி வாய்க்காலில், நீர் திறக்கும் துருசிலிருந்து மிகத் தொலைவில் இருந்தது. 'அங்க தண்ணி எட்டாது' என்ற ஒற்றை வாக்கியத்தால் அந்த வாய்க்கால் ஒவ்வொரு சிறுபோகத்திலும் கழிக்கப்பட்டு வந்தது.

அந்த ஆண்டு அக்குடும்பங்கள் கூடி, வாய்க்காலைத் தாங்களே வெட்டித் துப்புரவாக்கியிருந்தார்கள். கூட்டத்துக்கு முந்தைய வாரம், கால்நடைகளுக்காகவும் கிணறுகளுக்காகவும் குளத்திலிருந்து சிறிது நீர் திறந்துவிடப்பட்டது. சாந்தா அக்கா அந்த நீரோடு கூடவே கரையில் நடந்து, படமெடுத்து, அது எங்கே எட்டியது என்பதை ஒரு வரைபடமாகக் கணினியில் வரைந்திருந்தார். அந்த வரைபடத்தைக் கூட்டம் பார்த்தால் கடைசி வாய்க்காலுக்குச் சிறுபோகம் உண்டு. பார்க்காவிட்டால் பழைய வாக்கியம் மறுபடியும் சொல்லப்படும். எல்லோரும் தேநீர் குடித்துவிட்டுக் கலைவார்கள்.

பொதுநோக்கு மண்டபத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குத்துவிளக்கு ஏற்றியாகிவிட்டது. மேடையோரத்தில் ஒரு பெரிய தொலைக்காட்சி. அதன் நீலத் திரையில், சமிக்ஞை இல்லை என்பதைத் தெரிவிக்கும் ஆங்கிலச் சொற்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மிதந்துகொண்டிருந்தன. முன்வரிசையில் இருந்த இருவர், அவை மூலையில் சரியாக முட்டுமா என்று அவதானித்துக்கொண்டிருந்தனர். அன்று அந்தத் தொலைக்காட்சியால் முதலில் பயனடைந்தவர்கள் அவர்கள்தான்.

தொலைக்காட்சியின் உரிமையாளர் நிசார் நானா. முள்ளியவளையிலிருந்து அதைப் போர்வையில் சுற்றி ஓட்டோவில் கொண்டுவந்திருந்தார். கலியாண வீடுகளுக்கும் திருவிழாக்களுக்கும் ஒலிபெருக்கி, கதிரை, தொலைக்காட்சி வாடகைக்கு விடுவது அவர் தொழில். நான் பையைத் திறப்பதற்கு முன்னரே அவர் தம் தரப்பு வாதத்தை முன்வைத்தார்.

"பிள்ள, இந்த ரீவி நேத்து ஒரு கலியாண வீட்டில பின்னேரம் முழுக்க நிண்டு காட்டினது. என்ன வேணுமெண்டாலும் பாருங்க. ரீவியில மட்டும் குறை சொல்லாதீங்க."

"இன்னும் ஒண்டும் சொல்லேல்லை, நானா."

"சொல்லாதீங்க எண்டுதான் சொல்றன்."

பிறகு அவர் ஒரு பிஸ்கட் பேணியைத் திறந்தார். உள்ளே எச்டிஎம்ஐ வயர்கள் பாம்புக் குட்டிகள் போலச் சுருண்டு கிடந்தன. ஒவ்வொன்றையும் மாற்றினோம். நீலத் திரை அசையவில்லை. அப்போது மண்டபத்தில் ஒரு கருத்து எழுந்து, விரைவில் பொதுக்கருத்தாயிற்று: உள்ளூர்க் கடை வயர்களால் ஒன்றும் ஆகாது, வெளிநாட்டு வயர் வேண்டும். ஒருவர் வீட்டுக்கு ஓடி, மருமகன் கனடாவிலிருந்து அனுப்பிய வயரைக் கொண்டுவந்தார். அது தோற்றதும் இன்னொருவர் எழுந்து, தம் வீட்டில் சுவிஸ் வயர் இருப்பதாகச் சற்றுத் தயக்கத்துடன், பெருமையைக் குறைத்துக் காட்டும் குரலில், அறிவித்தார். கனடாக்காரர் அதை விரும்பவில்லை. சுவிஸ் வயர் ஒரு துவாயில் சுற்றப்பட்டு வந்தது, அதுவும் தோற்றது. கனடாக்காரரின் முகத்தில் அமைதி திரும்பியது.

படங்களைப் பென்டிரைவில் இட்டுத் தொலைக்காட்சியிலேயே நேரடியாகச் செருகலாமா என்று நானாவிடம் கேட்டேன்.

"செருகலாம். ஆனா அந்தத் துளைக்குள்ள போன திருவிழாவில ஆரோ சூயிங்கம் அடைச்சிட்டாங்க."

இதற்கிடையில் நான் செய்த ஒரேயொரு பயனுள்ள காரியத்தைக் குறிப்பிட வேண்டும். கணினியில் எந்தெந்தத் திரை வாயில்கள் உள்ளன என்று காட்டும் கட்டளையைக் கொடுத்தேன். வயர் பழுதென்றால், வாயிலின் பெயர் வந்து, அருகில் 'இணைக்கப்படவில்லை' என்று காட்டும். இங்கே மடிக்கணினியின் சொந்தத் திரையின் பெயர் மட்டுமே வந்தது. எச்டிஎம்ஐ என்ற பெயரே இல்லை. வீட்டில் ஆள் இல்லை என்பது ஒன்று. அந்த இலக்கத்தில் வீடே இல்லை என்பது வேறொன்று. நான் வேறுபாட்டைக் கண்டேன். அதன் பொருளைக் காணவில்லை. காண்பதற்கு நேரமும் இருக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் ஒரே நேரத்தில் எனக்கு உதவிக்கொண்டிருந்தார்கள்.

"ரீவிக்கு ஒரு தட்டுத் தட்டுங்கோ."

"பெட்டியை மற்றப் பக்கம் திருப்பி வையுங்கோ."

"அவ பாக்கட்டும் விடுங்கோவன். பிள்ளைக்கு வேர்க்குது, ஆரும் ஃபானைப் போடுங்கோ."

மின்விசிறி போடப்பட்டது. மேசையில் இருந்த தாள்கள் பறந்தன. மின்விசிறி நிறுத்தப்பட்டது.

நான் சாந்தா அக்காவிடம், நீங்களும் நாளை முதல் ஆளிடம் கேட்கப்போகும் கேள்வியைக் கேட்டேன். "அக்கா, இதில ஏதாவது மாத்தினீங்களோ?"

"ஐயோ, ஒண்டும் செய்யேல்லை தங்கச்சி. தை மாசம் என்ர தங்கச்சி வீட்டு ரீவியில போட்டுப் பாத்தனான், வடிவா வந்தது. நான் ஒண்டிலையும் கைவைக்கேல்லை."

இந்தப் பதிலை நீங்கள் வாழ்நாள் முழுவதும் கேட்பீர்கள். யாரும் பொய் சொல்வதில்லை. 'ஏதாவது செய்தீர்களா' என்ற கேள்வி, கேட்கப்படும் கணத்திலேயே குற்றச்சாட்டாகிவிடுகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் தாம் செய்த குற்றங்களை மட்டுமே நினைவில் தேடுவார். அங்கே எதுவும் இராது.

கடை உரிமையாளருக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் இரண்டு வாக்கியங்களுக்கு மேல் கேட்கவில்லை.

"டிரைவர்தான். முழுக்கக் கழட்டிப்போட்டுத் திருப்பிப் போடும். பத்து நிமிசம்."

அது தவறான ஆலோசனை அன்று. கடையில், தேநீர் ஆறிக்கொண்டிருக்கையில், நானும் அதைத்தான் செய்திருப்பேன். என் கை கட்டளையைத் தட்டத் தொடங்கியும்விட்டது. அப்போது தொலைபேசியில் சமிக்ஞைக் கோடுகளைப் பார்த்தேன். ஒரு கோடு இருந்தது; பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் போய், யோசித்துவிட்டுத் திரும்பி வந்தது. திரையை இயக்கும் பழைய டிரைவர் மென்பொருளைக் கழற்றிய பிறகு, இணையத்திலிருந்து இறங்கும் புதியது பாதி வழியில் நின்றால், மடிக்கணினியின் சொந்தத் திரையும் கறுப்பாகலாம். அதுவரை அந்தச் சிறிய திரையாவது உயிரோடு இருந்தது. வேறு வழியில்லை என்றால், கணினியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கூட்டத் தலைவரின் மேசையில் வைத்தாவது வரைபடத்தைக் காட்டலாம்.

கட்டளையை எழுத்தெழுத்தாக அழித்தேன். மண்டபத்தில் நின்றுகொண்டு, திரும்பி வர முடியாத எதையும் செய்யாதீர்கள். அன்று நான் செய்த காரியங்களில் யாருக்கும் தெரியாததும், எனக்கு இன்றும் நிறைவளிப்பதும் இந்த ஒன்றுதான்.

கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய நீர்ப்பாசனப் பொறியியலாளர் பொறுமைசாலி. "சரி, மற்ற வாய்க்கால்களை முதலில முடிப்பம். கடைசி வாய்க்காலைக் கடைசியா எடுப்பம்," என்றார். அது நீதியாகவும் ஒலித்தது, ஆபத்தாகவும் இருந்தது. ஒவ்வொரு வாய்க்காலாக ஏக்கர்கள் எழுதப்பட, மீதி குறைந்துகொண்டே வந்தது. நான் வயர்களைச் செருகிக்கொண்டிருந்தேன். சாந்தா அக்கா என்னைப் பார்க்காமல், எழுதும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கடைசி வாய்க்கால் குடும்பங்கள் ஒரு வரிசையாக அமர்ந்திருந்தன.

முதலாம் வாய்க்காலின் பிரதிநிதி இராசலிங்கம் அண்ணை. துருசுக்கு மிக அருகில் வயல் உள்ளவர். உரத்த குரலும் அதற்கேற்ற மீசையும் உடையவர். அவருடைய வாய்க்காலுக்கு வேண்டியது முதலிலேயே கிடைத்துவிட்டதால், மற்றவர்களின் விடயங்களில் கவனம் செலுத்தத் தாராளமாக நேரம் இருந்தது.

"சேர், படம் பாக்கவோ வந்தனாங்கள்? படமெண்டால் மழைக்கையும் எடுக்கலாம், வெயிலுக்கையும் எடுக்கலாம். காலபோக மழைத் தண்ணியைப் படமெடுத்துப்போட்டு இப்ப எடுத்ததெண்டு காட்டலாம். உதெல்லாம் சாட்சியே?"

"திகதி போட்டிருக்கு, அண்ணை," என்றார் சாந்தா அக்கா.

"திகதி உந்தப் பெட்டி போடுறதுதானே. பெட்டியே சொல்வழி கேக்குதில்லை. கறண்டை ஒருக்கா நிப்பாட்டினால் உது அந்த இடத்திலயே செத்துப்போம்."

சாந்தா அக்கா முதன்முறையாக எழுந்து நின்றார். வாய்க்காலைப் பற்றிச் சொன்னபோது கூட அமர்ந்தே இருந்தவர், கணினியைப் பழித்ததும் எழுந்தார்.

"ஆற்ற பெட்டி சாகும்? முந்தி மத்தியானத்தோட படுக்கும், ஓம். இப்ப காலமை தொடங்கினால் பொழுதுபட்டாலும் நிக்கும். வாய்க்கால் கரையில, கறண்டில்லாமல், ஒரு கிழமை நான் இதிலதான் வரைஞ்சனான். நானே பாத்துப் பாத்துச் சரிப்பண்ணி வைச்சனான். பற்றரியைப் பற்றி என்னோட கதைக்காதேங்கோ!"

என் கையில் இருந்த சுவிஸ் வயரை மெதுவாக மேசையில் வைத்தேன்.

"அக்கா, பற்றரி நிக்கிறதுக்கு என்ன செய்தனீங்கள்?"

அவர் முகம் மலர்ந்தது. மனிதர்கள் கெடுத்ததைச் சொல்ல மாட்டார்கள். திருத்தியதைக் கேட்டால், தண்ணீர் தந்து இருத்தி வைத்துச் சொல்வார்கள்.

"அதுக்குள்ள ஒரு இடத்தில 'மின்சேமிப்பு' மாதிரி ஒண்டு கிடந்தது. அதை அமத்தி விட்டனான். அண்டையில இருந்து சூடும் இல்லை, சத்தமும் இல்லை."

அவ்வளவுதான் விடயம். அந்த மடிக்கணினியில் படத்தைத் திரைக்கு அனுப்பும் பகுதிகள் இரண்டு: மின்சாரம் குறைவாக உண்ணும் சிறியது ஒன்று, வலிமையான பெரியது ஒன்று. எச்டிஎம்ஐ வாயில் பெரியதுடன் மட்டுமே இணைக்கப்பட்டிருந்தது. மின்சேமிப்பு முறை பெரியதை முழுவதுமாக அணைத்துவிடும். அதனுடன் வாயிலும் கணக்கிலிருந்தே மறைந்துவிடும். பெயர்கூட வராததன் பொருள் அதுவே. கனடாவும் சுவிஸும் வீணாகச் சண்டையிட்டன. வரைபடத்தை வரைய முடிந்ததற்குக் காரணமான அதே பொத்தான்தான், அதைக் காட்ட முடியாமல் போனதற்கும் காரணம்.

முறையை மாற்றிக் கணினியை மீள இயக்கினால் போதும். 'ஐந்து நிமிடம் தாருங்கள்' என்று மட்டும் நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பொறியியலாளர், "என்ன பிரச்சினை தங்கச்சி? எல்லாருக்கும் விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ," என்றார். நான் கூட்டங்களில் பேசுபவள் அல்ல. பேசாதவர்களுக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தால் வரும் தீமை என்னவென்றால், அவர்கள் உவமை தேடுவார்கள்.

"சேர், இதுக்குள்ள ரெண்டு துருசு இருக்கிற மாதிரி. ஒண்டு சின்னன், ஒண்டு பெரிசு. ரீவிக்குப் போற வாய்க்கால் பெரிய துருசில இருந்துதான் பிரியுது. பெரிய துருசு பூட்டிக் கிடக்கு. அதைத் திறக்காமல் வயரை மாத்திக்கொண்டு நிண்டால், பூட்டின துருசுக்குக் கீழ வாய்க்காலைத் துப்புரவாக்கின மாதிரித்தான்."

அன்று காலை முழுவதும் யாருக்கும் விளங்காத விடயம், ஒரே கணத்தில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. தேவைக்கு மிஞ்சியே விளங்கிவிட்டது.

"சின்னத் துருசு எத்தினை ஏக்கருக்குக் காணும்?"

"ரெண்டையும் ஒண்டாத் திறந்தால் கட்டு உடையாதோ?"

"அதுசரி, பெரிய துருசைப் பூட்டினது ஆர்? கூட்டத்தில தீர்மானம் எடுத்ததோ?"

கடைசிக் கேள்வியோடு எல்லாத் தலைகளும் சாந்தா அக்காவை நோக்கித் திரும்பின. இராசலிங்கம் அண்ணை எழுந்த வேகத்தில் அவருடைய கதிரை பின்னால் விழுந்தது.

"கேட்டீங்களே! தண்ணி வரேல்லை, துருசடித் தலைப்பில இருக்கிறவங்கள் விடுகினமில்லை எண்டு வருசாவருசம் எங்களில குறை சொல்லுறவா, தன்ர வீட்டுத் துருசைத் தானே பூட்டி வைச்சிருக்கிறா!"

மண்டபம் சிரிப்பால் அதிர்ந்தது. கடைசி வாய்க்கால்காரர்கள் சிலரும் சிரித்துவிட்டு, பிறகு தாங்கள் எந்தப் பக்கம் என்பதை நினைவுகூர்ந்து வாயை மூடினார்கள். என் காதுகள் எரிந்தன. கருத்தை விளக்கப் போய், எதிர்த்தரப்புக்கு ஆயுதம் செய்து கொடுத்திருந்தேன். கமக்காரர் கூட்டத்தில் நீர்ப்பாசன உவமை சொல்லாதீர்கள். மீனவர் கூட்டத்தில் வள்ளத்தைத் தொடாதீர்கள். உவமை அதை அறிந்தவர்களுக்குச் சொந்தமானது. நீங்கள் வாயைத் திறந்த மறுகணம் அது அவர்கள் கைக்குப் போய்விடும்.

சாந்தா அக்கா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"ஓம், பூட்டினது நான்தான். பூட்டினதை எல்லாருக்கும் முன்னால ஒத்துக்கொள்ளுறன். இந்தா, இப்பத் திறக்கவும் போறன். நீங்களும் உங்கட வாய்க்காலில இரவில வைக்கிற பலகையை எடுத்துப்போட்டு வந்து கதையுங்கோ, அண்ணை."

இம்முறை சிரிப்பு மறுபக்கத்திலிருந்து எழுந்தது. நீரைத் தம் பக்கம் திருப்ப வாய்க்காலில் பலகை வைப்பவர் எவரென்று அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொறியியலாளர் மேசையைத் தட்டினார்.

"ஐஞ்சு நிமிசம் தாறன். அதுக்குள்ள வரேல்லை எண்டால் வாயால சொல்லுங்கோ, எழுதுவம்."

முறையை மாற்றி, மீள இயக்கும் பொத்தானை அழுத்தினேன். சிறிய திரை கறுத்தது. வெள்ளை எழுத்துகள் மளமளவென்று இறங்கின. "கணக்கெல்லாம் பாக்குது," என்றார் பின்னால் ஒருவர் மரியாதையுடன். தொலைக்காட்சியில் நீலம் அப்படியே இருந்தது. நானா தம் தொலைக்காட்சியின் தோளில், பந்தயத்துக்கு நிற்கும் மாட்டைத் தட்டுவதுபோல, ஒரு கையை வைத்திருந்தார். நீலம் அணைந்தது. கறுப்பு. பிறகு மண்டபம் முழுவதும் ஒரே குரலில் "ஆ!" என்றது.

தொலைக்காட்சியில் தெரிந்தது வரைபடம் அன்று. ஓர் எருமை. திரையை முழுவதுமாக நிறைத்துக்கொண்டு, கழுத்துவரை நீரில் அமிழ்ந்து, உலகத்தின்மேல் எந்தக் குறையும் இல்லாத முகத்துடன் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

என்ன நடந்தது என்பது எனக்கு உடனே புரிந்தது. புதிதாகக் கண்ட திரையைக் கணினி தன் மேசையின் நீட்சியாக எடுத்துக்கொள்ளும். சாளரங்கள் சிறிய திரையிலேயே நிற்க, பெரிய திரையில் பின்னணிப் படம் மட்டுமே தெரியும். சாந்தா அக்கா தாம் எடுத்த படங்களில் தமக்குப் பிடித்த ஒன்றைப் பின்னணியாக வைத்திருந்தார். அதை மாற்றச் சில நொடிகள் போதும். என் விரல் விசைப்பலகைக்குப் போனது. அதற்குள் இராசலிங்கம் அண்ணையின் குரல் எழுந்தது. அதில் சண்டையே இல்லை. மகிழ்ச்சி மட்டுமே இருந்தது.

"அட, இது என்ர செல்லியெல்லே! அந்த நெத்திச் சுட்டியைப் பாருங்கோ, அந்த வளைஞ்ச கொம்பைப் பாருங்கோ! போன கிழமை முழுக்க இவளைத் தேடி நான் நாய் படாத பாடு பட்டனான். தானா வந்து பட்டிக்கை நிண்டாள். எங்க பிள்ளை நிண்டவள்? என்ன சோக்கா நிக்கிறாள் பாருங்கோவன்!"

நான் விசைப்பலகையிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.

சாந்தா அக்கா மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்:

"எங்கட வாய்க்காலுக்கை, அண்ணை."

மண்டபத்தில் ஒரு கதிரை கிறீச்சிட்டது.

"போன கிழமை. தண்ணி எட்டாத வாய்க்காலுக்கை."

சென்ற ஒரு மாதமாக அந்தப் பக்கம் ஒரு துளி மழையும் இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இராசலிங்கம் அண்ணையின் மீசை மேலும் கீழும் அசைந்தது.

"எருமை நிண்டாப் போலை... எருமை சேத்துக்கையும் நிக்கும்."

"கழுத்துமட்டும் நிக்குது," என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"அது... அவள் கட்டை."

மண்டபம் மறுபடியும் சிரிப்பில் மூழ்கியது. பொறியியலாளர் தம் கோப்பினை முகத்துக்கு நேரே உயர்த்தி வெகுநேரம் வாசித்தார். கோப்பு தலைகீழாக இருந்தது. நிசார் நானா மட்டும் நிதானம் இழக்கவில்லை. "நான் முதல்லயே சொன்னனான், ரீவியில குறை சொல்லாதீங்க எண்டு," என்றார்.

சிரிப்பு தானாக ஓய்ந்ததும் வரைபடத்தைப் பெரிய திரைக்கு இழுத்துவிட்டேன். பொறியியலாளர் எழுந்து அருகே வந்து, நீர் எட்டிய இடங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். சாந்தா அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தப் பகுதியில் சிரிக்க எதுவும் இருக்கவில்லை. பின்வரிசையில் இருந்த குடும்பங்கள் எழுந்து முன்னே வந்து, தங்கள் வயல் திரையில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துத் தேடின. ஒருவர் தம் வரம்பைக் கண்டுபிடித்துவிட்டு, அதன்மேலிருந்து விரலை எடுக்காமலே நின்றார். எருமையை வைத்துத் தீர்மானம் எடுக்கப்படவில்லை என்பதை நான் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆனால், எருமைக்குப் பிறகு வரைபடத்தை மறுத்துப் பேச யாரும் எழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கேட்ட ஏக்கர்களில் பாதி எழுதப்பட்டது. ஆதரிப்போர் கையுயர்த்துமாறு கேட்டபோது இராசலிங்கம் அண்ணையும் கையை உயர்த்தினார். எண்ணி முடித்த பிறகே, அந்தப் படத்தைத் தம் தொலைபேசிக்கு அனுப்ப முடியுமா என்று கேட்பதற்காக அவர் கை உயர்த்தியது தெரியவந்தது. எண்ணிக்கையைத் திருத்துமாறு அவரும் கேட்கவில்லை.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை என்று நான் எண்களிட்டு எழுதப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். நம் கடைக்கு வருபவரிடம் 'என்ன பழுது' என்று கேட்ட பிறகு, 'அண்மையில் இதில் எது முன்பைவிட நன்றாக வேலை செய்கிறது' என்றும் கேளுங்கள். சிலர் உங்களை வினோதமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை நான் கடையைத் திறந்துகொண்டிருக்கும்போதே சாந்தா அக்கா வந்துவிட்டார். இம்முறை ஸ்கூட்டர் படியில் முட்டவில்லை. முந்தைய இரவு அவர் தூங்கியிருக்கவில்லை என்பது கண்களில் தெரிந்தது; அதைப்பற்றி அவர் குறைப்படவில்லை என்பதும் தெரிந்தது.

"தங்கச்சி, நேற்று நீர் அந்தப் பெரிய துருசைத் திறந்து விட்டதால பற்றரி பின்னேரத்துக்கு முன்னமே படுத்திட்டுது. இனி விதைப்பு முடியுமட்டும் நான் வாய்க்கால் கரையிலதான். ஆருக்கு எவ்வளவு பங்கு எண்டு அளந்து போட வேணும். அந்தப் பெரிசைத் திருப்பிப் பூட்டி விடும்."

முந்தைய நாள் ஒரு மண்டபம் பார்த்திருக்க, இரண்டு கண்டங்களின் வயர்களைத் தோற்கடித்துத் திறந்ததை, அன்று காலை யாரும் பார்க்காத நேரத்தில் நானே பூட்டினேன். பூட்டுவதும் திறப்பதும் எங்கே என்று காட்டி, என் முன்னாலேயே அவரைக்கொண்டு ஒருமுறை செய்வித்தேன். அவர் தவறில்லாமல் செய்தார்.

"அப்ப அடுத்த கூட்டத்துக்கு நானே திறக்கலாம்?"

"திறக்கலாம் அக்கா," என்றேன். "ஆனால் கூட்டத்துக்கு முதல் நாளே திறவுங்கோ."